ஸ்கைப்பை மூடிவிட்டார்கள், பெரியம்மாவின் வீட்டு லைனுக்கு இனி எப்படி எடுப்பது?

மே 5, திங்கட்கிழமையோடு ஸ்கைப் நின்றுவிட்டது. பெப்ரவரி 28 ஆம் திகதியே மைக்ரோசொஃப்ட் சொல்லிவிட்டபடியால் இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. செய்தியைச் சொன்னபோது பதினைந்து வயது மகள் கேட்டது இவ்வளவுதான்: "அது இன்னும் இருந்ததா அம்மா?"

நியாயமான கேள்விதான். வீடியோவில் முகம் பார்த்துக் கதைக்க நான் அதைத் திறந்து பல வருடமாகிறது. ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருக்கால், ஒரேயொரு காரியத்துக்காகத் திறப்பேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இணையத்தில் இப்போது ஸ்கைப்புக்கு ஒப்பாரி நடக்கிறது. அந்தக் குமிழி வெடிக்கிற மாதிரியான மணிச் சத்தத்தைப் போட்டுப்போட்டு ஆக்கள் அழுகிறார்கள். தூர தேசத்துக் காதல், முதல் வேலைக்கான நேர்முகம், வெளிநாட்டில் படித்த காலம் என்று ஆளுக்கொரு கதை. எல்லாம் உண்மைதான். என்றாலும் எங்கள் ஆக்களுக்கு ஸ்கைப் அதைவிட வேறு ஏதோவாக இருந்தது. அந்தக் கதையை நாங்கள் எழுதாவிட்டால் வேறு ஒருவரும் எழுதப்போவதில்லை.

ஸ்கைப்புக்கு முன்னம் இருந்தது போன் காட். ஐந்து டொலர் கொடுத்து தமிழ்க் கடையில் வாங்கி, சில்லறைக் காசால் சுரண்டி, ஒரு நம்பருக்கு எடுத்து, பிறகு நீளமான இரகசிய எண்ணை அடித்து, அதற்குப் பிறகு ஊர் நம்பரை அடிக்கவேண்டும். ஒரு இலக்கம் பிழைத்தால் முதலில் இருந்து. குரல் ஒன்று இத்தனை நிமிடம் இருக்கிறது என்று வாக்குறுதி தரும். அதில் பாதி போவதற்குள் லைன் அறுந்துவிடும். அதற்கும் முந்தி, யுத்த காலத்தில், ஊரில் இருந்தவர்கள் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ வந்து கொமினிகேசன் கடை வாங்கில் காத்திருந்து எங்கள் குரலைக் கேட்டார்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கிற நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ஸ்கைப் வெளிவந்தது 2003 ஓகஸ்டில். சுவீடன்காரர் ஒருவரும் டென்மார்க்காரர் ஒருவரும் தொடங்கினார்கள். நிரல் எழுதியவர்கள் எஸ்தோனியாவின் தாலின் நகரத்துப் பொடியங்கள். அதன் கெட்டித்தனம் எங்கே என்றால், நடுவில் பெரிய சேர்வர்களை நம்பி அது இருக்கவில்லை. பாவிக்கிறவர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று பாதை விட்டுக்கொடுத்தன. அதனால்தான் காசு கேட்காமல் கொடுக்க முடிந்தது. 2005 இல் ஈபே 2.6 பில்லியன் டொலருக்கு வாங்கியது, என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடியது. 2011 இல் மைக்ரோசொஃப்ட் 8.5 பில்லியன் கொடுத்து வாங்கியது.

2011 என்பது எங்களுக்கு எந்தக் காலம் என்று பாருங்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருடம். யாழ்ப்பாணத்தில் நெற் கபே திறந்த காலம், டொங்கிள் வந்த காலம். பத்துப் பதினைந்து வருடம் காணாத முகங்களை எங்கள் ஆக்கள் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் கண்டார்கள். என் அப்பா ஸ்கைப்பில் கதைக்கிறதென்றால் சேட்டு மாற்றித் திருநீறு பூசிக்கொண்டுதான் வந்து இருப்பார். எங்களுக்குத் தெரிந்ததோ அவருடைய நெற்றியும் மேலே சுற்றுகிற ஃபானும் மட்டும். "கமராவைக் கீழை இறக்குங்கோ அப்பா" என்று கத்தியே பாதி நேரம் போய்விடும். இப்போது "அது இன்னும் இருந்ததா" என்று கேட்கிற மகளை, ஒரு வயதில் அவர் முதன்முதல் பார்த்தது அதில்தான். நேரில் பார்க்கக் கிடைக்கவில்லை.

2013 இல் அப்பா போனார். நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். கொள்ளி வைக்கவேண்டிய அண்ணா பாரிஸில், வழக்கு முடியாமல், விசா இல்லாமல். கிரியை நடந்த அந்த நேரம் முழுவதும் லப்டொப்பை நான் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். ஐயர் சொல்லச் சொல்ல, முற்றத்தில் பெறாமகன் செய்ததை அண்ணா திரையில் பார்த்தான். பெண்கள் படலையோடு நிற்கவேண்டும்தானே. அதற்கு அங்கால் மச்சானிடம் லப்டொப்பைக் கொடுத்து அனுப்பினேன். சுடலையில் சிக்னல் இல்லை. பாதி வழியில் அறுந்துபோன அந்தக் கோலைப்பற்றி அண்ணா இன்றுவரை ஒரு சொல் கதைத்ததில்லை.

எனவே சென்ற கிழமை, எல்லாரையும்போல, என் பழைய பதிவுகளை இறக்கினேன். மைக்ரோசொஃப்ட் அதற்கு வழி வைத்திருந்தது. 2026 ஜனவரி வரை எடுக்கலாம், அதற்குப் பிறகு அழிப்போம் என்று அப்போது சொல்லியிருந்தார்கள்.  ஆனால் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் கதைத்த குரல் ஒன்றும் அதில் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. எழுதி அனுப்பியவையும், எந்தத் திகதியில் ஆருடன் எத்தனை வினாடி கதைத்தோம் என்ற கணக்கும்தான் வந்தன. எனக்கு வந்ததில் 2017 க்கு முந்தி ஒன்றுமே இல்லை. அப்பாவின் காலம் முழுவதும் வெறுமை.

இதற்குப் பழியை நான் கம்பனியில் போடமாட்டேன். அந்த நாள் ஸ்கைப் கதைத்த கணக்கை எங்கள் சொந்தக் கணினிக்குள்ளேயேதான் எழுதி வைத்தது. அந்த லப்டொப் என் கையில் இருந்தது. வீடு மாறும்போது, பற்றரி வீங்கிப் போயிருந்தது என்று, பழைய இலத்திரனியல் குப்பை எடுக்கிற இடத்தில் நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். கல்யாண அல்பத்தை அப்படிப் போடுவோமா? அதற்கு முதல் இருந்த விமானக் கடிதங்களை அம்மா பிஸ்கட் ரின்னுக்குள் வைத்திருந்தார்; இப்போதும் இருக்கிறது. கணினிக்குள் இருப்பதை மட்டும் நாங்கள் ஒரு சாமானாகவே மதிக்கவில்லை.

சரி, அந்தத் துக்கம் என்னோடு போகட்டும். இந்த மூடுவிழாவில் உண்மையாகக் கேட்கவேண்டிய கேள்வி வேறு. மேலே சொன்ன அந்த ஒரேயொரு காரியத்துக்கு வருகிறேன்.

வடமராட்சியில் பெரியம்மா இருக்கிறார். எண்பத்துநாலு வயது. கண் பார்வை மங்கல். தொட்டால் வழுக்கிப் போகிற கண்ணாடிப் போனை அவரால் ஆளமுடியாது. அவரிடம் இருப்பது 021 இல் தொடங்குகிற வீட்டு லைன். கதவடியில், ஸ்டூலில், நூல் பின்னல் துணிக்கு மேலே. மணி அடித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எடுத்து "ஆர்?" என்பார். ஸ்கைப்பில் காசு போட்டு நான் எடுத்தது அந்த லைனுக்குத்தான். இந்தியாவுக்கு எடுக்கிற மாதிரி இலங்கைக்கு அது மலிவில்லை. ஆனாலும் எந்தக் கணினியிலிருந்தும், எந்தப் போனிலிருந்தும், உலகத்தில் எந்த வீட்டு லைனுக்கும் எடுக்கலாம். மற்றப் பக்கத்தில் இருப்பவரிடம் இணையமும் தேவையில்லை, பாஸ்வேர்ட்டும் தேவையில்லை. காது கேட்டால் போதும்.

மைக்ரோசொஃப்ட் எல்லாரையும் டீம்ஸுக்கு வரச்சொன்னது. ஸ்கைப்பில் இருந்த கதையாடல்கள் அங்கே போகும், குழுக்கள் போகும் என்றது. போகாதது இந்த வீட்டு லைன் பாதை. புதிதாகக் காசு போடமுடியாது. மிச்சம் இருப்பவர்கள் அதைச் செலவழித்து முடிக்கலாம் என்றார்கள். கேட்டவர்களுக்கு அவர்கள் கொடுத்த விளக்கத்தின் சாரம்: டேட்டா விலையாக இருந்த காலத்துக்கு அது நல்லதாக இருந்தது, இனி வருகிற காலத்தில் அதில் இருக்க விருப்பமில்லை. வியாபாரியின் கண்ணால் பார்த்தால் சரி. ஆனால் அந்த "இனி வருகிற காலத்தில்" பெரியம்மா இல்லை. அவரைப்போல எத்தனை பெரியம்மாக்கள் ஊரில் தனிய இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் எல்லாம் இங்கே.

"அதுக்கென்ன, வட்ஸ்அப் இருக்குதானே" என்பீர்கள். இருக்கிறது. ஊரில் பலரிடம் அதுவும் வைபரும்தான் உயிர். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். நாங்கள் புதிய போன் வாங்கும்போது பழையதை ஊருக்கு அனுப்புகிறோம். பெருமையாக அனுப்பிய ஐபோன் 6, ஐஓஎஸ் 12 ஓடு நின்றுபோன போன். வட்ஸ்அப் 2025 இல் 15.1 கேட்கத் தொடங்கியது. அதாவது நாங்கள் கொடுத்த பரிசே சொல்லாமல் கொள்ளாமல் ஊமையாகும். ஊரில் இருக்கிறவர் "பிள்ளை இப்ப எடுக்கிறேல்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஒன்றாகப் படுத்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஆறு மணித்தியாலத்துக்கு மேல். ஒரே கம்பனி, ஒரே பிழை. அது தவறுதலாக நடந்தது. வேண்டுமென்றே நடந்ததும் உண்டு. இலங்கை அரசு 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது இவற்றைத் தடுத்தது. 2019 ஏப்ரலில் தடுத்தது. 2022 ஏப்ரலில், மக்கள் தெருவில் இறங்கியபோதும் தடுத்தது. 2019 ஈஸ்டர் ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம். சித்தி இருப்பது கொட்டாஞ்சேனையில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில். வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரி விழுந்தபடியே நின்றது. கடைசியில் ஸ்கைப்பைத் திறந்து அவருடைய 011 லைனுக்கு அடித்தேன். இரண்டாவது தரம் மணி போனபோது எடுத்தார். அங்கே இணையத்தில் என்ன தடை போட்டாலும் அந்தக் கோலுக்குத் தெரியாது. அது அந்தப் பக்கத்தில் சாதாரண டெலிபோன் கோல். இந்தப் பின்கதவின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

டெலிபோனுக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. நீங்கள் எந்தக் கம்பனி, அவர் எந்தக் கம்பனி என்று அது பார்ப்பதில்லை. கனடாவின் ஒரு கம்பனிக்காரர் இலங்கையின் எந்தக் கம்பனிக்காரருக்கும் எடுக்கலாம். ஆனால் ஸ்கைப்பில் இருந்தவர் வட்ஸ்அப்பில் இருந்தவரோடு கதைத்ததேயில்லை. வைபரிலிருந்து வட்ஸ்அப்புக்கு ஒரு சொல் போகாது. மகளின் ஃபேஸ்டைம் குழுவில் அன்ட்ரொயிட் போன் வைத்திருக்கிற பிள்ளை இரண்டாந்தரப் பிரஜை. தொழில்நுட்பம் இடம் கொடுக்கவில்லை என்பது இதற்குக் காரணமில்லை. ஆக்களை உள்ளே பூட்டி வைத்தால்தான் இலாபம் என்பதற்காகக் கட்டிய மதில் இது. ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தில் இந்த மதிலில் வாசல் வைக்கச் சொல்லியிருக்கிறது. கேட்கிற மற்றச் செயலிகளுக்கு வட்ஸ்அப் வழி விடவேண்டும் என்பது 2024 மார்ச்சில் இருந்து கட்டாயம். நடைமுறைக்கு வருவது ஆமை வேகத்தில். கனடாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. எங்கள் எம்பிமார் தைப்பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வரும்போது இதை ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம். கேட்கிற விசயங்களில் இது ஒன்றும் மோசமானதில்லை.

ஸ்கைப் நல்ல நிலையில் செத்தது என்று நான் சொல்லவரவில்லை. 2017 இல் ஸ்னப்சட் மாதிரி வேடம் போட்டுப் பழைய ஆக்களை விரட்டியதே அவர்கள்தான். 2020 இல் உலகமே வீடியோவில் கதைக்கத் தேடி ஓடியபோது, பதினேழு வயதான ஸ்கைப்பைத் தாண்டி எல்லாரும் ஸூமுக்குப் போனார்கள். அந்த நேரத்தில்கூட எழும்பாததை இனி ஆர் எழுப்புவது? போகட்டும். வீட்டு லைனுக்கு எடுக்கிற பாதையை மட்டுமாவது விட்டுவைத்திருக்கலாம். மைக்ரோசொஃப்ட் அளவு கம்பனிக்கு அது கைச்செலவு.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? வைபரில் காசு போட்டு வீட்டு லைனுக்கு எடுக்கிற வசதி இன்னும் இருக்கிறது. கைத்தொலைபேசிக் கம்பனிகள் வெளிநாட்டுப் பொதி விற்கின்றன. சின்ன எழுத்துகளை வாசித்து எடுங்கள். ஊர் உறவுகளின் வீட்டு லைன் நம்பர்களை, போனுக்குள் மட்டுமில்லாமல், ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். எனக்கு இரண்டு நம்பர் இல்லாமலே போய்விட்டது. ஸ்கைப்புக்குள் பெயராக மட்டும் இருந்தவை.

நேற்று ஞாயிறு. ஸ்காபரோவில் ஒரு கடையில், லொட்டரிச் சீட்டுகளுக்குப் பக்கத்தில், போன் காட் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து டொலர்தான். சுரண்டி, நம்பர் அடித்து, இரகசிய எண் அடித்து, ஒருக்கால் பிழைத்து, திருப்பி அடித்தேன். மகள் பக்கத்தில் நின்று ஏதோ நூதனசாலைச் சாமான் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"ஆர்?"

"நான் பெரியம்மா. ஸ்கொபரோவிலை இருந்து."

"என்ன பிள்ளை, போன கிழமை எடுக்கேல்லை?"

ஸ்கைப்பை மூடிப்போட்டாங்கள் என்று தொடங்கினேன். என்ன விளங்கியதோ, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காட்டிலையோ எடுக்கிறாய்? அப்ப காசு ஏறும். வை, வை" என்றார்.

வைக்கவில்லை. குரல் இருபத்தாறு நிமிடம் என்று சொல்லியிருந்தது, பதினாலாவது நிமிடத்தில் தானாக அறுந்தது.