உழக்கு மிஞ்சாவிட்டாலும் கணக்கு எழுதுவோம்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்று நம்மவர்கள் சொல்வார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்த நானும் வயலில் இறங்கியதும் இந்தப் பழமொழியைச் சாக்காக வைத்துக்கொண்டேன். கணக்கு பார்க்காமலே நம் இதழில் ஒரு கட்டுரையும் எழுதினேன். அதனால் ஒரு பையன் நஷ்டப்பட்டான். அதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், "ஒரு காணியில் தூயமல்லி 26 மூட்டை, செலவு வெறும் 11,000 ரூபாய்" என்று எழுதியிருந்தேன். நிறைய பேர் போன் செய்து பாராட்டினார்கள். போன மாசி மாதம் ஒரு இளைஞர் வீடு தேடி வந்தார். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. கையில் அந்தக் கட்டுரைப் பக்கம், மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது. 26 மூட்டைக்கும் 11,000-க்கும் கீழே பென்சிலில் கோடு.

"இதைப் படிச்சுட்டுத்தான் சார் வேலையை விட்டேன்" என்றார். மனைவியின் 4 பவுனை அடகு வைத்து 2 ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். 52 மூட்டை வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது 23. ஒரே வருஷத்தில் குத்தகையை விட்டுவிட்டு மறுபடி ஷிப்டு பஸ் ஏறிவிட்டார்.

"காணின்னா ஏக்கர்தானே சார்?" என்று கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

எங்கள் பக்கம் காணி என்றால் 132 சென்ட். ஆக, என் விளைச்சல் ஏக்கருக்கு 20 மூட்டைகூட இல்லை. அவருடைய 2 ஏக்கருக்கு என் கணக்குப்படியே 39 மூட்டைதான். அதுவும் என் நிலம் ரசாயனம் நிறுத்தி ஆறாவது வருஷம். அவருடையது முதல் வருஷம். இதை நான் எழுதவே இல்லை. மூட்டை என்றேன், எத்தனை கிலோ என்று சொல்லவில்லை. எங்களுக்கு 75 கிலோ, டெல்டாக்காரர்களுக்கு 60, நேரடி கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். ஒரே சொல்லை மூன்று ஊர்க்காரர்கள் மூன்று விதமாகப் படிப்பார்கள்.

செலவுக் கணக்கு அதைவிட மோசம். அவர் போன பிறகு பழைய டைரியை எடுத்து உட்கார்ந்தேன். என் உழைப்பு, என் மனைவி களை எடுத்த நாட்கள், சொந்த மாட்டு எரு எல்லாவற்றுக்கும் கூலியும் விலையும் போட்டால் 27,000 வந்தது. இதை நான் மறைக்கவில்லை, எனக்கே தெரியவில்லை. மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. வயலில் விழுந்த ஓட்டையை அது சத்தமில்லாமல் அடைத்துவிட்டது. பென்ஷன் இல்லாத பையன் என்ன செய்வான்?

கிளம்பும்போது அவர் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "எங்க லைன்ல ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்னு எழுதி கண்ணுக்கு நேரா ஒட்டியிருப்பாங்க சார். புதுசா வர்றவன்கூட தப்பு பண்ண முடியாது. நீங்க எழுதினதுல அது இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

நம் இதழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். நல்ல தமிழ் வேண்டும் என்று கேட்கவில்லை. பேசுகிற மாதிரியே எழுதுங்கள், எழுத்துப்பிழையை ஆசிரியர் குழு பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் சில விஷயங்கள் இல்லாமல் எந்த அனுபவமும் அச்சேறக் கூடாது.

நிலப்பரப்பை ஏக்கர், சென்ட்டிலும் விளைச்சலைக் கிலோவிலும் சொல்ல வேண்டும். காணி, மா, குழி, மூட்டை எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும், அவை நம் சொற்கள். மண் எது, தண்ணீர் ஏரியா கிணறா, ரகம் எது, நாற்று விட்ட தேதி, அறுத்த தேதி, ரசாயனம் நிறுத்தி எத்தனை வருஷம் என்பதெல்லாம் வேண்டும். சான்றிதழ் விதிகளே ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு மாறுதல் காலம் என்று வைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் வரும் விளைச்சலும் அதற்குப் பிறகு வருவதும் ஒன்றல்ல.

இடுபொருள் அளவில் இன்னும் கவனம் தேவை. "டேங்குக்கு 300 மில்லி பஞ்சகவ்யம்" என்று எழுதுகிறோம். எந்த டேங்க்? 10 லிட்டர் கைத்தெளிப்பானில் அது 3 சதம். இப்போது எல்லோரும் வைத்திருக்கும் 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானில் 2 சதம்கூட வராது. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பஞ்சகவ்யத்தைப் பரப்பியபோது 3 சதம் என்று அளவோடுதான் சொன்னார். நாம்தான் அதை டேங்க் கணக்காக்கிவிட்டோம்.

நான் செய்து பார்த்தது எது, பக்கத்து வயல்காரர் சொன்னது எது, கூட்டத்தில் கேட்டது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வேறு வருமானம் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். தோற்றதையும் எழுத வேண்டும். பத்து வெற்றிக் கதையைவிட ஒரு தோல்விக் கதை பலரைக் காப்பாற்றும்.

"இவ்வளவு கேட்டால் எந்த விவசாயி எழுதுவான்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எழுதுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1767 முதல் 1774 வரை அன்றைய செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் 2,000 ஊர்களைத் தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கணக்கெடுத்தார். நிலம், ஏரி, குடிகள், விளைச்சல், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரமெல்லாம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளிடம் ஓலையில் இருந்தன. 200 ஆண்டுகளுக்குப் பிறகு தரம்பால் போன்றவர்கள் அந்தக் கணக்கெடுப்பைத் தேடிப் படித்து, இந்த ஊர்கள் எப்படி வாழ்ந்தன என்று உலகுக்குச் சொன்னார்கள். கணக்கு இருந்ததால்தான் சொல்ல முடிந்தது. நாம் எழுதுவதை நாளைக்கு ஒருவர் எடுத்துப் பார்த்தால் என்ன இருக்கும்? "அமோக விளைச்சல்" என்ற சொல் மட்டும்தான் இருக்கும்.

எங்கள் பகுதியில் இது சின்ன விஷயமில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வயல் ஓரமெல்லாம் மனைக்கல் நட்டுக் கிடக்கிறது. இயற்கை விவசாயத்தை நம்பி இறங்கிய ஒருவர் தோற்றால் "அப்பவே சொன்னோமே" என்று ஊரே சொல்லும். அடுத்த நிலமும் பிளாட் ஆகும்.

என் பழைய கட்டுரைக்கான திருத்தத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்: 1.32 ஏக்கரில் 1,950 கிலோ, ஏக்கருக்கு சுமார் 1,480 கிலோ, ஆறாம் ஆண்டு, எல்லாம் சேர்த்துச் செலவு 27,000 ரூபாய், வீட்டில் பென்ஷன் உண்டு. முதலில் எழுதியதைவிட அழகு குறைவுதான். அந்தத் தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். இந்த ஆடியில் என் வயலில் 30 சென்ட்டை அவரிடம் விடுவதாகச் சொல்லியிருக்கிறேன். குத்தகை வேண்டாம், வேலையையும் விட வேண்டாம், வார லீவில் வந்தால் போதும். ஒரே நிபந்தனை, டைரியை அவர்தான் எழுத வேண்டும்.