குழாய் வந்துவிட்டது, பிளம்பர் எங்கே?

குலசேகரன்பட்டினம் தசராவுக்காகச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஊர் திரும்பும் உடன்குடி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு, பூட்டிய வீட்டைத் திறந்ததும் முதல் வேலை குழாயைத் திருகிப் பார்ப்பதுதான். பல வீடுகளில் முதலில் காற்று சீறும். பிறகு செம்பழுப்பாக ஒரு கலங்கல் வரும். அதற்கப்புறம்தான் தண்ணீர். அதுவும் குழாயின் கைப்பிடி கையோடு பெயர்ந்து வராமல் இருந்தால்! திருவிழா நேரத்தில் பிளம்பருக்குப் போன் போட்டால் "நாளைக்குப் பார்க்கலாம்ணே" என்ற பதில் கிடைப்பதே பெரிய விஷயம்.

பூட்டிய வீட்டுக் குழாய் குளிர்நாடுகளிலும் தலைவலிதான். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. இரும்போ பிளாஸ்டிக்கோ, அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிளந்துவிடும். அதனால் கனடாவில் குளிர்காலத்தில் நீண்ட நாள் வெளியூர் போகிறவர்கள் மெயின் வால்வை அடைத்து, உள்ளே நிற்கும் நீரையெல்லாம் வடித்துவிட்டு வீட்டைப் பூட்டுவது வழக்கம். லடாக்கில் குடிநீர்க் குழாய்களை உறைபனி எட்டாத ஆழத்தில் புதைக்கிறார்கள். இந்தப் பழக்கங்களுக்கு அவ்வளவாகத் தேவை இருந்திராத டெக்சாஸில் 2021 பிப்ரவரியில் கடுங்குளிர் இறங்கியபோது, வீடு வீடாகக் குழாய்கள் வெடித்தன.

உடன்குடியில் பனி கிடையாது. உப்பு இருக்கிறது. பனி ஓர் இரவில் செய்வதை உப்பு சில ஆண்டுகளில் செய்து முடிக்கிறது. வெடிச் சத்தம் கேட்காததால் யாரும் அதை விபத்தாக நினைப்பதில்லை.

பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடல் சேர்ந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே, தேரி மணலும் பனங்காடுமாகக் கிடக்கும் உடன்குடிப் பக்கத்துக்கு ஆற்றின் மிச்சம்தான் எட்டும். சடையனேரிக் கால்வாயில் உபரிநீர் வந்து குளம் நிறைந்தால் கிணறு பிழைக்கும். வராவிட்டால் நிலத்தடியில் கடல் உள்ளே நகரும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடங்களில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடல்நீரில் அது சுமார் 35,000. நூற்றில் ஐந்து பங்கு கடல்நீர் கலந்தாலே 1,750 மில்லிகிராம் கூடிவிடும்.

இந்தத் தண்ணீர் ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சை முதலில் தின்னும், பிறகு இரும்பைத் தின்னும். மரை போட்ட இடத்தில் பூச்சு ஏற்கெனவே வெட்டுப்பட்டிருப்பதால் அங்கேதான் முதல் ஓட்டை விழும். தண்ணீரில் சுண்ணாம்பும் சேர்ந்திருந்தால் மிதவை வால்வின் கம்பியில் படிந்து அதை இறுக்கிவிடும். தொட்டி நிறைந்தும் வால்வு அடைக்காது, மாடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். ஹீட்டரில் இந்தப் படிவு இன்னும் வேகமாக ஏறும், ஏனென்றால் சூடானால்தான் சுண்ணாம்பு சீக்கிரம் பிரிகிறது. பிவிசி பைப்பை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் மொட்டை மாடி வெயில் அதை முறுகவைத்துவிடும். சாதாரண வெள்ளைப் பெயின்ட் பூசினாலே ஆயுள் கூடும். பைப் முழுக்க பிளாஸ்டிக், நடுவில் மட்டும் ஓர் இரும்பு நிப்பிள் என்று முடிக்கிற வேலையும் நடக்கிறது. அந்த ஒரு நிப்பிள் துருப்பிடித்தால் சுவரை உடைக்க வேண்டும். வீட்டு வாசலுக்குக் கிரானைட் தேடுகிறவர் வால்வு வாங்கும்போது மட்டும் விலை பேசுவதை என்ன சொல்ல?

ஊரைவிட்டுக் கிளம்பும்முன் மெயின் வால்வை அடைத்து, தொட்டியையும் பைப்பையும் வடித்துவிட்டுப் போனால் பாதிச் செலவு மிஞ்சும். சாவி வைத்திருக்கும் உறவுக்காரரிடம், மாதம் ஒருமுறை எல்லா வால்வையும் திறந்து மூடச் சொன்னால் அவை இறுகாது. கனடாக்காரர் பனிக்குப் பயந்து செய்வதை நாம் உப்புக்குப் பயந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது நாட்டில் 3.23 கோடி ஊரக வீடுகளில்தான் குழாய் இணைப்பு இருந்தது. இன்று 15 கோடியைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. சாதனைதான். ஆனால் இணைப்புகளை எண்ணும் அளவுக்குப் பழுதுகளை யாரும் எண்ணுவதில்லை. 2025 மத்திய பட்ஜெட் திட்டத்தை 2028 வரை நீட்டித்து, பராமரிப்பில் கவனம் செலுத்தப்படும் என்றது. உள்ளூர் ஆட்களுக்கு பிளம்பிங், மோட்டார், கொத்து வேலை எல்லாம் கற்றுத்தரும் 'நல் ஜல் மித்ரா' பயிற்சியும் இருக்கிறது. ஆனால் பழுதுபார்க்க ஆள் எங்கே என்று ஊராட்சியில் போய்க் கேட்டால், நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவரைக் கைகாட்டுவார்கள். வால்வு திறப்பதும் குளோரின் கலப்பதும் அவர். பைப் உடைந்தால் டேப்பும் எம்சீலும் எடுத்துக்கொண்டு ஓடுவதும் அவர்தான். சொற்பச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் தலையில் ஊர்க் குழாய் முழுவதையும் கட்டிவிட்டு, பராமரிப்பு நடக்கிறது என்று சொல்வது அநியாயம்.

வாசலுக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரர் பாடு என்பார்கள் அதிகாரிகள். முதல் வீட்டுத் தொட்டி வழிந்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்பது தெருக்கோடியில் குடியிருப்பவருக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஆற்றை நம்பிய குடிநீர்த் திட்டங்கள் பல பழுதாகி நின்றன. அப்படிப்பட்ட நாட்களில் கைகொடுப்பது வீட்டுக் கிணறும் தெரு அடிபம்பும்தான். அவற்றின் வாஷரை மாற்றவும் ஆள் வேண்டும்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று தமிழக ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. உடன்குடி ஒன்றியத்து ஊராட்சிகள் அந்த மேடையில் ஒரே ஒரு தீர்மானம் போடட்டும்: பயிற்சி பெற்ற பிளம்பர் ஒருவர், அவருக்கு மாதச் சம்பளம், உதிரிபாகத்துக்குத் தனி நிதி. கிராமசபைக்குப் போகிறவர்கள் தங்கள் வார்டில் ஒழுகும் குழாய்களின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.