விலையே சாட்சி!

புதியதைவிடப் பழையது மலிவாகக் கிடைக்கும் என்பது சந்தையின் பொதுவிதி. வாகனங்களுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் பொருந்தும் இந்த விதி, இந்தியாவில் துப்பாக்கிக்கு மட்டும் பொருந்துவதில்லை. 1980-களின் நடுப்பகுதியில், தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு தடை விதித்தது. துப்பாக்கி சுடும் போட்டிகளில் தேர்ச்சி பெற்ற வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது. அதன் விளைவாக, முறையான உரிமத்தின்கீழ் நாட்டுக்குள் இருக்கும் அயல்நாட்டுக் கைத்துப்பாக்கிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய உறைந்துபோய்விட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த பழைய வெப்லி ரிவால்வர்களும், வால்தர் பிஸ்டல்களும், சுங்கத் துறை பறிமுதல் செய்து முக்கியப் பிரமுகர்களுக்கு விற்றவையும்தான் திரும்பத் திரும்பக் கைமாறுகின்றன. பறிமுதல் செய்யப்பட்ட துப்பாக்கியை வாங்கும் சலுகை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எதற்காக அளிக்கப்பட்டது என்கிற கேள்விக்கு நிறைவான பதில் கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

தட்டுப்பாடு இருக்குமிடத்தில் விலை ஏறுவது இயல்பு. அதனால்தான் அரை நூற்றாண்டு பழைமையான ஓர் அயல்நாட்டு பிஸ்டல், அரசு ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளிவரும் உள்நாட்டுக் கைத்துப்பாக்கியைவிடப் பல மடங்கு அதிக விலைக்கு, பல லட்சம் ரூபாய்க்கு விற்கப்படுகிறது. உள்நாட்டுத் துப்பாக்கியும் மலிவானதல்ல. பெண்களின் பாதுகாப்புக்கு என்று கான்பூரில் தயாரிக்கப்பட்டு 2014-இல் அறிமுகமான "நிர்பீக்' ரிவால்வரின் விலையே அன்று ரூ. 1,22,360. உண்மை நிலவரம் இப்படி இருக்கும்போது, "இத்தாலியத் தயாரிப்பு, அதிகம் பயன்படுத்தாதது' என்று சொல்லி முப்பதாயிரத்துக்கோ நாற்பதாயிரத்துக்கோ ஒருவர் பிஸ்டலை நீட்டினால், அதைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கத் தேவையில்லை. அந்தப் பொருள் நேர்மையானதல்ல என்பதற்கு அந்த விலையே முதல் சாட்சி.

இப்படிப்பட்ட "இத்தாலியத் தயாரிப்பு'களில் பல, பிகார் மாநிலம் முங்கேரின் பட்டறைகளில் பிறந்தவை. 18-ஆம் நூற்றாண்டில் வங்க நவாப் மீர் காசிம் தனது தலைநகரை அங்கு மாற்றி ஆயுதப் பட்டறைகளை அமைத்த காலம்தொட்டு, துப்பாக்கி செய்யும் கைத்திறன் அந்த ஊரின் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. உரிமம் பெற்ற துப்பாக்கி உற்பத்திக்கூடங்கள் இன்றும் முங்கேரில் இருக்கின்றன. அவற்றில் வேலை குறையக் குறைய, தேர்ந்த கைவினைஞர்கள் கள்ளப் பட்டறைகளுக்கு இழுக்கப்பட்டனர். ஒற்றைத் தோட்டா "கட்டா'வில் தொடங்கிய தொழில், அயல்நாட்டு பிஸ்டலைப் பார்த்து அச்சு அசலாக வடிப்பது வரை வளர்ந்துவிட்டது. "மேட் இன் இத்தாலி', "மேட் இன் யுஎஸ்ஏ' என்ற முத்திரைகளோடு பிடிபடும் உள்நாட்டுக் கள்ளத் துப்பாக்கிகள் தில்லி காவல் துறைக்குப் புதியவை அல்ல. மேற்கு வங்கத்திலும் ஜார்க்கண்டிலும்கூட, முங்கேர் கைவினைஞர்களை அழைத்துச்சென்று நடத்தப்பட்ட பட்டறைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. வெளிப்பார்வைக்கு அசலை ஒத்திருக்கும் இந்தத் துப்பாக்கிகளில் எஃகின் தரத்துக்கும், குழல் வெடிப்பைத் தாங்குமா என்பதற்கும் யாரும் பொறுப்பேற்பதில்லை. விலை குறைந்ததன் சுமையை வாங்கியவரின் கையும் கண்ணும் ஏற்க நேரிடலாம்.

கள்ளத் துப்பாக்கிகள் எல்லாமே குடிசைப் பட்டறையிலிருந்து வருவதாகவும் எண்ணிவிடக் கூடாது. 2018-இல் முங்கேர் மாவட்டத்தின் கிராமங்களில், கிணற்றுக்குள்ளிருந்தும் மண்ணுக்குள்ளிருந்தும் 20-க்கும் மேற்பட்ட ஏகே-47 துப்பாக்கிகள் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றின் பூர்விகத்தைத் தேடிச் சென்ற விசாரணை, ஜபல்பூரில் உள்ள ராணுவத்தின் மத்திய ஆயுதக் கிடங்கில் போய் முடிந்தது. ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் கைதானார். வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசின் காவலிலேயே இருந்த ஆயுதங்கள் இப்படி வெளியேற முடியுமென்றால், தனிநபரின் அலமாரியிலிருந்து களவுபோன ஒரு ரிவால்வர், எண் அழிக்கப்பட்டு மூன்று மாநிலங்கள் தாண்டி விலைபேசப்படுவதில் வியக்க என்ன இருக்கிறது?

தெரியாமல் வாங்கிவிட்டதாகச் சொல்லித் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. தயாரிப்பாளரின் பெயரோ, வரிசை எண்ணோ, வேறு அடையாளக் குறியோ இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் அதன் 8-ஆவது பிரிவு தடை செய்கிறது. அதோடு நிற்கவில்லை. அத்தகைய துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அந்த அடையாளத்தை அழித்ததாகக் கருதப்படும். அப்படியல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. விற்றவர் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விடுவார். எண்ணை அழித்த பழி வாங்கியவரின் தலையில் விழும். 9 மி.மீ. பிஸ்டல் போன்ற தடை செய்யப்பட்ட வகை என்றால் நிலைமை இன்னும் மோசம். சாதாரண உரிமம் அங்கே செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அவற்றை வைத்திருப்பதற்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

களவுப் பொருள் என்றால், பாரதிய நியாய சம்ஹிதையின் 317-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. களவுப் பொருள் என்று அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தாலே போதும். ஒரு லட்சம் பெறுமானமுள்ள பொருளை இருபதாயிரத்துக்கு, ரசீது இல்லாமல், முன்பின் தெரியாதவரிடமிருந்து வாங்கியவருக்கு அந்தக் காரணம் இருக்கவில்லை என்று எந்த வழக்கறிஞராலும் எளிதில் வாதாடிவிட முடியாது. மலிவு விலையே வாங்கியவருக்கு எதிரான சாட்சியமாக மாறுகிறது.

அதேநேரத்தில், மலிவாகக் கிடைக்கும் பழைய துப்பாக்கி ஒவ்வொன்றும் கள்ளத் துப்பாக்கியே என்று முடிவு கட்டுவதும் நியாயமல்ல. இந்தப் பிரச்னையின் சிக்கலே இங்குதான் தொடங்குகிறது. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஒன்றுதான் என்று மசோதாவில் இருந்ததை, எதிர்ப்புக்குப் பிறகு அரசு இரண்டாக்கியது. மூன்றாவது துப்பாக்கியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தாக வேண்டும் என்ற நிலையில், அதை யாரிடமாவது தள்ளிவிடவே பலரும் முனைந்திருப்பார்கள். கணவர் இறந்த பிறகு அவரது இரட்டைக் குழல் துப்பாக்கியை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெண்கள், உரிமம் வாங்க விரும்பாத பிள்ளைகள், காவல் நிலையத்தில் ஒப்படைத்த ஆயுதத்தைக் குறித்த காலத்துக்குள் மீட்கவோ விற்கவோ தவறினால் அது அரசுக்குப் போய்விடும் என்ற அச்சம் என்று நேர்மையான மலிவுக்கும் காரணங்கள் உண்டு. இப்படி வருபவை பெரும்பாலும் 12 போர் வேட்டைத் துப்பாக்கிகள். அயல்நாட்டு பிஸ்டல்கள் அல்ல. அதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் நேர்மையான மலிவிலும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றின் குழல், 65 மி.மீ. தோட்டாவுக்காகக் கடையப்பட்டது. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 70 மி.மீ. தோட்டா அதில் தடையின்றி நுழைந்துவிடும். சுடும்போதுதான் அதன் மூடிய வாய் விரிய இடமில்லாமல் குழலுக்குள் அழுத்தம் எகிறும். கருமருந்துக் காலத்து முறுக்கிரும்புக் குழல்களுக்கு நவீனத் தோட்டாவே எமன். குழலில் சோதனை முத்திரை இருக்கிறதா, குழலும் பூட்டும் இறுக்கமாகப் பொருந்துகின்றனவா, உள்ளே வீக்கமோ அரிப்போ உண்டா, உடற்பகுதியிலும் குழலிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதையெல்லாம் அனுபவமுள்ள துப்பாக்கி பழுதுபார்ப்பவர்தான் சொல்ல முடியும். ஒரு வீட்டு வரவேற்பறையில் தேநீர் அருந்திக்கொண்டே முடிக்கப்படும் பேரத்தில் இதற்கெல்லாம் இடமேது?

நேர்மையான விற்பனையையும் கள்ள விற்பனையையும் பிரித்துக் காட்டுவதற்கு ஆயுதச் சட்டத்திலேயே ஒரு கருவி இருக்கிறது. தனது சொந்த உபயோகத்துக்கான துப்பாக்கியை ஒருவர் மற்றவருக்கு விற்க விரும்பினால், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கோ, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதன்பிறகு 45 நாள்கள் கழிந்திருக்க வேண்டும் என்கிறது 5-ஆவது பிரிவு. கையிலிருப்பது நேர்மையான பொருள் என்றால் இந்தக் காத்திருப்பில் யாருக்கும் நஷ்டமில்லை. "இன்றைக்கே முடித்துக்கொள்வோம், இன்னொருவர் காத்திருக்கிறார்' என்று அவசரப்படுத்துபவரும், உரிமத்தில் உள்ள எண்ணைக் காட்டத் தயங்குபவரும், வணிகரின் கடைக்கு வர மறுப்பவரும் இந்த 45 நாள்களைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள்.

கருவி இருந்தும் அது கூர்மழுங்கிக் கிடப்பதுதான் வேதனை. 45 நாள்கள் காத்திருக்கச் சொல்லும் அந்தப் பிரிவு, அந்த நாள்களில் அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. விற்கப்படும் துப்பாக்கியை யாராவது கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும் என்றோ, அதன் எண்ணைக் களவுபோன ஆயுதங்களின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்றோ கட்டாயமில்லை. நடைமுறையில் தடையின்மைச் சான்று கேட்கப்பட்டாலும், அது ஆளைப் பற்றியும் காகிதத்தைப் பற்றியும் எழும் கேள்வியாகவே நின்றுவிடுகிறது. துப்பாக்கியை யாரும் பார்ப்பதில்லை.

காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜம்மு - காஷ்மீர் எடுத்துக்காட்டு. 2012-க்கும் 2016-க்கும் இடையே அந்த மாநிலத்தின் பல மாவட்டங்களில், தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கி உரிமங்கள் வழங்கப்பட்டதாக சிபிஐ குற்றஞ்சாட்டியது. முறைகேடு வெளிப்பட்டது ஸ்ரீநகரில் அல்ல. 2017-இல் ராஜஸ்தான் பயங்கரவாதத் தடுப்புப் படையின் விசாரணையில். ஐஏஎஸ் அதிகாரிகளே கைதாகும் அளவுக்கு அது போனது. அரசு முத்திரையுடன் கூடிய அந்த உரிமத்தைப் பார்க்கும் ஒரு சாதாரண மனிதர், அதை எப்படிச் சந்தேகிக்க முடியும்? ஒவ்வோர் உரிமத்துக்கும் தனித்த அடையாள எண் வழங்கி தேசியத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும், 2020 ஜூனுக்குப் பிறகு அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் அறிவித்தது நல்ல முடிவு. ஆனால், துப்பாக்கியின் எண்ணைச் சொல்லி, அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, களவுபோனதாகப் புகார் உண்டா என்று கேட்டால் உறுதியான பதில் பெறும் உரிமை வாங்குபவருக்கு அளிக்கப்படவில்லை. நிரூபிக்கும் சுமையை அவர்மீது ஏற்றும் சட்டம், சரிபார்க்கும் வழியை அவருக்குத் திறந்துவிடாதது என்ன நியாயம்?

குற்றங்களில் பயன்படுபவை பெரும்பாலும் உரிமமற்ற துப்பாக்கிகள்தானே, உரிமம் உள்ளவர்களின் தனிப்பட்ட விற்பனையில் கெடுபிடி எதற்கு என்று கேட்கப்படுகிறது. களவுபோன துப்பாக்கி வெள்ளைச் சட்டை அணிந்துகொள்வதும், உரிமமுள்ள துப்பாக்கி கணக்கிலிருந்து காணாமல்போவதும் இந்த வாசல் வழியாகத்தான் என்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது. உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கம் குறித்து 2023-இல் தாமாகவே கவலை தெரிவித்த உச்சநீதிமன்றம், அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கு அடிப்படை உரிமை அல்ல என்பதைச் சுட்டிக்காட்டியது. 2024 நவம்பரில், இதை ஆராய மாநிலந்தோறும் தலைமைச் செயலரின்கீழ் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

கூடுதல் சோதனை என்றால் கூடுதல் லஞ்சம் என்ற அச்சமும் ஆதாரமற்றதல்ல. உரிமம் வழங்கும் அலுவலகங்களின் பெயர் அப்படி. அதற்கான மாற்று, சோதனையைக் கைவிடுவதல்ல. சோதித்தவரின் பெயரும், பார்த்த எண்ணும், நாளும் தரவுத்தளத்தில் பதிவாகச் செய்வது. மாவட்டக் காவல் துறையின் ஆயுதப் பிரிவில் துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 45 நாள்களில் அரை மணி நேர வேலை அது. அந்தக் காலத்துக்குள் எழுத்து மூலம் பதில் தராத அதிகாரி, விற்பனைக்குப் பிறகு எழும் கேள்விகளுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக வேண்டும்.

2019-இல் தண்டனைகளைக் கூட்டிய நாடாளுமன்றம், இந்த இடைவெளியைத் தொடவில்லை. இதற்கிடையே, 2025 செப்டம்பரில் ரிவால்வர், பிஸ்டல்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. துப்பாக்கிக்கு அதிக வரி விதிப்பதில் தவறில்லை. ஆனால், கடையில் விலை ஏற ஏற, ரசீதில்லாத பழைய பிஸ்டலின் மலிவு இன்னும் கவர்ச்சியாகத் தெரியும். இதைத் தடுக்க மற்றொரு திருத்த மசோதாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விதிகளை வகுக்கும் அதிகாரம் ஆயுதச் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்கீழ் மத்திய அரசுக்கு இருக்கிறது. துப்பாக்கியை நேரில் பரிசோதிப்பதையும், எண்ணைச் சரிபார்த்துப் பதில் தருவதையும் கட்டாயமாக்கி, 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் ஒரு விதியைச் சேர்க்க உள்துறை அமைச்சகத்தின் அறிவிக்கை ஒன்றே போதும்.