பச்சை காட்டினால் போதுமா?

தைப்பூசத்துக்கு ஒரு தண்ணீர்ப்பந்தல் குழுவுக்காக அறிவிப்பு தட்டச்சு செய்து கொடுத்தேன். ஐந்நூறு பிரதி அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தோம். ‘தண்ணீர்மலை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தண்ணீர்மாலை’ என்று இருந்தது. பினாங்கில் பிறந்து வளர்ந்தவன் தண்ணீர்மலையைத் தப்பாக எழுதுவானா? குழுத் தலைவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

தப்பு என் விரலில் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் 89 வெள்ளி கொடுத்து வாங்கிய கீபோர்டில் இருந்தது. நான் முரசு அஞ்சலில் பழகியவன். அந்த முறையில் ஆங்கில ‘ஏ’ விசையை ஒரு தடவை தட்டினால் குறில், இரண்டு தடவை தட்டினால் நெடில். இந்தக் கீபோர்டோ சில பக்கங்களுக்கு ஒருமுறை, ஒரே தட்டுக்கு இரண்டு எழுத்தை அனுப்பிவிடுகிறது. ஆங்கிலமாக இருந்தால் பிழை உடனே கண்ணில் குத்தும். தமிழில் படம் பாடமாகும், வரம் வாரமாகும், கல் காலாகும். எல்லாமே சரியான சொற்கள். எந்தப் பிழைதிருத்தி கோடு போடும்? தமிழ்99 பழகியவர்களுக்கும் இதே கதிதான். அங்கே டகரத்தை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானே விழுந்துவிடும், படம் பட்டமாகிவிடும்.

கொம்தாருக்குப் பக்கத்தில் வாங்கிய கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். கடைத்தம்பி பிரவுசரில் ஒரு சோதனைப் பக்கத்தைத் திறந்தார். திரையில் கீபோர்டின் படம். ஒவ்வொரு விசையாகத் தட்டத் தட்ட அது பச்சையானது.

“எல்லாம் பச்சைதானேண்ணே. கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. பெட்டியைத் திறந்தாச்சு, இனி மாத்த முடியாது.”

அந்தப் பக்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. காசு கேட்பதில்லை, எதையும் நிறுவச் சொல்வதில்லை, செத்த விசையை அரை நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தப் பச்சைக்கு என்ன பொருள்? அந்த விசை ஒரு தடவையாவது சமிக்ஞை அனுப்பியது என்பது மட்டும்தான். ஒரு தட்டுக்கு ஒன்றுதான் அனுப்பியதா என்று அது சொல்லவில்லை. இரண்டாவது எழுத்து வந்தாலும் பச்சை பச்சையாகத்தான் இருக்கும். மெக்கானிக்கல் விசைக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது சற்றுத் துள்ளும். அந்தத் துள்ளலைச் சில மில்லி விநாடிகளுக்குக் கண்டுகொள்ளாமல் விடும்படி கீபோர்டின் சில்லுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். தகடு மோசமானால் துள்ளல் அந்த நேரத்தைத் தாண்டும்; ஒன்று இரண்டாகும். மவுஸ் ஒரு கிளிக்கை இரண்டாக்குவதும் இதனால்தான். ஒவ்வொரு தட்டும் விழுந்த நேரம் பிரவுசருக்குத் தெரியும். 20, 30 மில்லி விநாடி இடைவெளியில் ஒரே விசையை எந்த விரலும் இரண்டு முறை தட்டாது. அந்த இடைவெளியைக் காட்டும் சோதனைப் பக்கங்களும் இருக்கின்றன. “பத்து நிமிஷம் என்னைத் தட்ட விடுங்க தம்பி” என்றேன். வரிசையில் ஆள் நிற்கிறது என்றார்.

ஹெட்செட் வாங்குகிறவர்களையும் இப்படித்தான் அனுப்பிவைக்கிறார்கள். ‘மைக் டெஸ்ட்’ என்று ஒரு பட்டை ஆடும். ஆடுவது ஹெட்செட்டின் மைக்குக்கா, லேப்டாப்பின் சொந்த மைக்குக்கா என்று யாரும் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் வேறு ஊரில் கேட்டிருந்தால் இவ்வளவு மனம் வெதும்பியிருக்காது. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையைத் தொடங்கியது இந்தத் தீவில்தான். சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும்தான் அங்கே வேலை. நம் வீட்டு அக்காமார்களும் ஷிப்டு போட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டினார்கள். சோதித்துச் சோதித்து வளர்ந்த ஊர் இது. இங்கே 89 வெள்ளிப் பொருளைப் பத்து நிமிடம் சோதித்துப் பார்க்க வாங்குகிறவனுக்கு இடமில்லை.

கடைக்காரர்களே, மேசையில் ஒரு கணினியைத் தமிழ் தட்டும் வசதியோடு வையுங்கள். காசு கட்டும் முன் எங்கள் மொழியில் ஒரு பக்கம் தட்டிப் பார்க்க விடுங்கள். வாங்குகிறவர்களே, பச்சையைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பழுதான பொருளுக்குப் ‘பெட்டி திறந்தால் மாற்றமில்லை’ என்ற அட்டை செல்லாது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை எந்தக் கடையும் ஓர் அறிவிப்பால் பறித்துவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட வழக்கறிஞர் தேவையில்லை. கட்டணம் 5 வெள்ளி.