பள்ளிக்கூடம் இருந்தால் போதுமா? பிள்ளை படிக்க வேண்டாமா?

தமிழ்ப்பள்ளி என்றதும் நம் வாயில் வருவது மூன்று சொற்கள்: நிலம், கட்டடம், மானியம். அதில் தவறில்லை. 1816ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி, 200 ஆண்டுகளைக் கடந்து இன்றும் 500க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நிலைத்திருக்கிறது. அது யாரும் போட்ட பிச்சை அல்ல. தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் உடைக்கப்பட்டபோதும் பள்ளியை விட்டுக்கொடுக்காமல் நின்றவர்கள் நம் பெற்றோர்கள். 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் சாலைகளில் நம் மக்கள் திரண்டபோது எழுந்த கோரிக்கைகளிலும் தமிழ்ப்பள்ளி இருந்தது.

ஆனால் ஒரு கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை. வகுப்பறைக்குள் நம் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? ஆறு ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்த பிள்ளை, ஒரு பக்கத்தைத் தானாகப் படித்துப் பொருள் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால், அதைக் கண்டுபிடித்தவர் யார்? கண்டுபிடித்த பிறகு என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்விகளும் உரிமைக் கேள்விகளே என்பதுதான் இந்தத் தலையங்கத்தின் கருத்து.

பழைய கணக்கு

வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நிர்வாகங்கள் நடத்தின. எப்படி? ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, பல இடங்களில் பாடம் சொல்லத் தோட்டத்துக் கிராணியோ கங்காணியோ. சட்டம் கேட்டது பள்ளிக்கூடத்தை, படிப்பை அல்ல. பால்மரம் சீவத் தலைமுறை தலைமுறையாக ஆள் வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நூறு ஆண்டுகள் கழித்து நாம் எங்கே நிற்கிறோம்? கொட்டகை போய்க் கான்கிரீட் வந்துவிட்டது. தேர்தல் வந்தால் மாதிரி காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க ஆள் வருகிறது. ஆனால் 'பிள்ளை கற்றதா' என்று கேட்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

இது நம் இனத்துக்கு மட்டுமான குறை அல்ல. மலேசியாவைப் பற்றி உலக வங்கி 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ஐந்தாம் ஆண்டு முடியும்போது நாட்டின் மாணவர்களில் 42 விழுக்காட்டினர் எதிர்பார்க்கப்படும் வாசிப்புத் திறனை எட்டவில்லை என்றது. நம் பிள்ளைகள் சராசரியாக 12.5 ஆண்டுகள் பள்ளியில் இருந்தாலும், அவர்கள் உண்மையில் கற்பது 8.9 ஆண்டுக்கு ஈடானது என்றும் அதே அறிக்கை கணக்கிட்டது. எல்லா இனத்துப் பிள்ளைகளும் இதில் அடக்கம். ஆனால் வசதி உள்ள வீட்டில் டியூசன் அந்த ஓட்டையை அடைத்துவிடும். அப்பா இரவு ஷிப்டு, அம்மா தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று இருக்கும் வீட்டில் எது அடைக்கும்? பள்ளி மட்டும்தான். ஆகவே வகுப்பறையில் ஏற்படும் இழப்பு நம் வீட்டில்தான் கனமாக வந்து விழுகிறது.

'இந்தப் பிள்ளைகளுக்கு வராது' என்பது பொய்

"வீட்டுச் சூழல் சரியில்லை, பெற்றோர் கவனிப்பதில்லை, இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்." இந்தப் பேச்சை நாம் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டோம். இதற்குப் பதிலை வகுப்பறை ஆய்வுகளே தருகின்றன.

இந்தியாவில் மும்பை, வதோதரா ஆகிய இரு நகரங்களின் அரசுப் பள்ளிகளில் 2001ஆம் ஆண்டு முதல் நடந்த ஒரு பெரிய ஆய்வைப் பாருங்கள். 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, எழுத்துக் கூட்டுவதிலும் எண்ணிக் கணக்குப் போடுவதிலும் இருந்து மறுபடி தொடங்கியது. அந்த வயதுக்குரிய பாடநூலைத் திணிக்கவில்லை. பிள்ளை நிற்கும் படியிலிருந்தே பாடம் தொடங்கியது. கற்றுக்கொடுத்தவர்கள் பட்டதாரிகள் அல்லர். அதே வட்டாரத்து இளம்பெண்கள். பத்தாம் வகுப்பு வரை படித்து, இரண்டு வாரப் பயிற்சி பெற்றவர்கள். 'பால்சகி', அதாவது பிள்ளைகளின் தோழி என்று அவர்களை அழைத்தார்கள்.

எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்கு உதவி போகும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டார்கள். 15,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். முதல் ஆண்டிலேயே தேர்ச்சி கூடியது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் இரு மடங்கானது. அதிகம் முன்னேறியவர்கள் யார்? கடைசியில் இருந்த பிள்ளைகள்! அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்ற இருவரோடு சேர்ந்து இந்த முடிவுகளை 2007இல் வெளியிட்டார்கள். வறுமை ஒழிப்பைச் சோதனை முறையில் ஆராய்ந்ததற்காக 2019ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை மைக்கேல் கிரேமரோடு பகிர்ந்துகொண்டவர்கள் இவர்கள்தாம்.

அதே ஆய்வு இன்னும் இரண்டு செய்திகளையும் சொல்கிறது. பின்தங்கியவர்கள் வெளியே போனதால் வகுப்பில் கூட்டம் குறைந்ததே, அங்கே மிச்சம் இருந்தவர்களுக்கு அதனால் பெரிய நன்மை இல்லை. தலையைக் குறைத்தால் மட்டும் போதாது, கற்பிக்கும் முறை மாற வேண்டும் என்பது அதன் பொருள். உதவி நின்று ஓராண்டு ஆனதும் பெற்ற பலனில் ஒரு பகுதி கரைந்துபோனது. தேர்வுக்கு முன் மூன்று மாதம் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டுக் கை கழுவுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காசு செலவில்லாத மாற்றங்கள்

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? அமெரிக்க வகுப்பறைகளில் இதை அளந்தவர் மேரி பட் ரோ. சராசரியாக ஒரு வினாடிதான்! அதற்குள் முன்வரிசைப் பிள்ளை கையைத் தூக்கிவிடும், அடுத்த கேள்வி பறந்துவிடும். அந்த ஒரு வினாடியை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, மௌனம் குறைந்தது, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். 1974ஆம் ஆண்டில் வந்த முடிவு இது. அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். வகுப்பறையில் அழத் தெரியாத பிள்ளைக்கும் பால் கிடைக்க இரண்டு வினாடி பொறுத்தால் போதும்.

அடுத்து, மதிப்பெண். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று குழுவாக்கினார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும். ஒரு குழுவுக்கு 'இது சரி, இதை இப்படித் திருத்து' என்ற குறிப்பு மட்டும். இன்னொரு குழுவுக்கு இரண்டும். 1988இல் வெளிவந்த முடிவு: குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக்கூட அந்தப் பலன் இல்லை. மதிப்பெண்ணைக் கண்டதும் பிள்ளையின் கண் குறிப்பின் பக்கம் போகவில்லை. நாமும் தேர்வுத்தாளில் சிவப்பு மையால் எழுதிய எண்ணைத்தானே முதலில் பார்க்கிறோம்?

மூன்றாவது, கணக்குப் பயிற்சி. ஒரே வகைக் கணக்கை இருபது முறை போட வைத்தால் பிள்ளை அன்றைக்கு நன்றாகப் போடும். பல வகைக் கணக்குகளைக் கலந்து கொடுத்தால் தடுமாறும். ஆனால் பிறகு? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்பு மாணவர்களை வைத்து டக் ரோரர் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் கழித்து வைத்த தேர்வில் கலந்து பயின்றவர்கள் 74 விழுக்காடு, ஒரே வகையாகப் பயின்றவர்கள் 42 விழுக்காடு. கலந்து கொடுக்கும்போது 'இங்கே பெருக்கலா வகுத்தலா' என்று பிள்ளை தானே யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைதான் தங்குகிறது.

இவற்றில் எதற்கு மாதிரி காசோலை தேவை?

நம் பள்ளிகளில்

யூபிஎஸ்ஆர் தேர்வு 1988இல் வந்தது. 2020இல் கோவிட் தொற்றால் நடக்கவில்லை. 2021இல் ரத்தானது. அந்த முப்பது ஆண்டுகளில் நம் சமுதாயம் எதை எண்ணியது? 7ஏ பெற்ற பிள்ளைகளின் படத்தை எண்ணியது. பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் போட்டோம், மாலை போட்டோம். நல்லதுதான். ஆனால் பத்திரிகையில் வராத பிள்ளை எத்தனை? அவர்களில் பலர் மலாய்மொழியில் தவறிப் புதுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, இடைநிலைப்பள்ளியில் பின்வரிசைக்குப் போய், எஸ்பிஎம் எழுதாமலே வெளியேறியவர்கள். அவர்களை நாம் கேங்ஸ்டர் செய்திகளில்தான் மீண்டும் சந்தித்தோம். ஒரு பிள்ளை தெருவுக்குப் போவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இரண்டாம் ஆண்டில் எழுத்துக் கூட்ட முடியாமல் தலை குனிந்த நாள் ஒன்று இருக்கும். அன்று யாராவது கவனித்தார்களா?

தேர்வு போனது நல்ல வாய்ப்பு. ஆனால் தேர்வு போனதோடு பெற்றோருக்குத் தகவலும் போய்விடக்கூடாது. பள்ளி தரும் அறிக்கையில் 'நிலை 3' என்று இருந்தால், என் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரு சாதாரணத் தொழிலாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது பள்ளியின் கடமை.

ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் வரவில்லை. இணையத்தில் தரவு ஏற்றுவது, கோப்பு தயாரிப்பது, விழா நடத்துவது என்று அவர்கள் நேரம் பறிக்கப்படுகிறது. அதைக் குறைக்கும்படி கல்வி அமைச்சிடம் கேட்பதும் நம் போராட்டமே. ஆசிரியர் கல்விக் கழகங்களில் பயிலும் நம் இளம் ஆசிரியர்கள் செயலாய்வு செய்கிறார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எந்த முறை உதவியது என்று எழுதி ஒப்படைக்கிறார்கள். அந்த ஏடுகள் அலமாரியில் தூங்கினால் யாருக்குப் பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அது தமிழில் எளிமையாகப் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று. 150 மாணவருக்கும் குறைவான பள்ளி என்றால் நமக்கு வெட்கம், அரசுக்குச் சுமை. ஆனால் பிள்ளையின் வயதைப் பார்க்காமல் அது நிற்கும் படியைப் பார்த்துக் குழு பிரிப்பது, எல்லாரும் எல்லாரையும் அறிந்த சின்னப் பள்ளியில் எளிது. சின்னப் பள்ளியை மூடத் துடிப்பவர்களுக்கு நாம் தரக்கூடிய நல்ல பதில், அந்தப் பள்ளியில் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று காட்டுவதுதான்.

நாம் கேட்க வேண்டியவை

பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம் வருகிறது. மேசைக்கும் நாற்காலிக்கும் கணக்குக் கேட்கிற நாம், இவற்றையும் கேட்போம்.

ஒன்று: மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தமிழிலும் மலாயிலும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இரண்டு: அவர்களுக்குக் குறைநீக்கல் போதனை வாரத்தில் எத்தனை மணி நேரம்? யார் நடத்துகிறார்?

மூன்று: மூன்று மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் ஒரு படி ஏறினார்கள்?

நான்கு: கடைசி வகுப்புக்கு யார் பாடம் நடத்துகிறார்? திறமையான ஆசிரியர் முதல் வகுப்புக்கு மட்டும்தானா?

ஐந்து: வட்டாரத்தில் எஸ்பிஎம் முடித்து வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, வாசிப்புத் துணைவர்களாக்கப் பள்ளி இடம் தருமா?

வீட்டிலும் நமக்கு வேலை உண்டு. அதற்குப் படிப்பு தேவையில்லை. பிள்ளை பாடத்தைப் படித்து முடித்ததும், "புத்தகத்தை மூடி வை, என்ன படிச்சேன்னு எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி கேளுங்கள். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காட்டையே நினைவில் வைத்திருந்தார்கள். படித்ததை ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டை வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பிள்ளை சொல்லத் திணறினால் அடிக்காதீர்கள். அந்தத் திணறலில்தான் பாடம் மனத்தில் பதிகிறது.

பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிய சமுதாயம் நாம். அந்தப் பள்ளிக்குள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் வாசிக்க வந்தால்தான் நம் போராட்டம் முழுமை பெறும். அடுத்த கூட்டத்திற்குப் போங்கள். முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள்.