பத்து சதவீதப் பெட்ரோல் எங்கே போனது?

இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையே நாடெங்கும் சாதாரண பெட்ரோலாக விற்கச் செய்து, பழைய வண்டிகளுக்கான குறைந்த கலப்புப் பெட்ரோலை பங்க்குகளிலிருந்து அகற்றிய முடிவு, எத்தனை விளக்க அறிக்கைகள் வந்த பின்னும் நியாயம் பெறவில்லை. 2030-ஆம் ஆண்டுக்கென 2018-இல் வகுத்த இலக்கு 2025-க்கு முன்னிழுக்கப்பட்டபோது, அதற்கான செயல்திட்டத்தை 2021-இல் வெளியிட்ட நிதி ஆயோக் குழு இரண்டு காப்புகளைக் கேட்டிருந்தது. பழைய வண்டிகளுக்காகப் பத்து சதவீதக் கலப்புள்ள இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும். எத்தனாலில் எரிவெப்பம் குறைவு என்பதால் கலப்புப் பெட்ரோலின் விலையும் குறைய வேண்டும். இலக்கு எட்டப்பட்டுவிட்டது, காப்புகள் இரண்டும் வழியிலேயே விடப்பட்டன.

கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றை நொதிக்க வைத்து வடிக்கும் எத்தனால், ஒரு லிட்டருக்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான ஆற்றலே தரும். பழைய இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதமும், கார்களில் 6 முதல் 7 சதவீதமும் குறையும் என்பது மேற்படி குழுவே தந்த மதிப்பீடு. அதைவிடக் கவலைக்குரியது எத்தனாலின் மற்றொரு குணம்: அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், எஞ்சின் எரிபொருளை உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

இதே பெட்ரோலைப் பற்றி உயிரைப் பணயம் வைத்து யோசித்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். சிறு விமானங்களைத் தங்கள் கையாலேயே கட்டிப் பறக்கும் ஆர்வலர்கள், விலை மிகுந்த விமானப் பெட்ரோலுக்கு மாற்றாகக் கார் பெட்ரோலைப் பயன்படுத்தும் உரிமைக்கு நெடுங்காலம் உழைத்தனர். அமெரிக்காவில் 1982-இல் அவர்களின் சங்கம் அதற்கான முதல் சான்றிதழைப் பெற்றபோது, எத்தனால் கலந்த பெட்ரோல் கூடாது என்ற நிபந்தனையும் உடன் வந்தது. மேலே ஏறக் காற்று குளிரும், குளிர்ந்த கலவையில் தண்ணீர் எளிதில் பிரியும், சில வகைக் கண்ணாடியிழை டேங்குகளின் பிசினையும் ரப்பர் அடைப்புகளையும் எத்தனால் கெடுக்கும் என்பவை அதற்குக் காரணங்கள். இலகு விமானங்களில் பரவலாக உள்ள ஆஸ்திரிய நாட்டு ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கும் பத்து சதவீதமே மேல்வரம்பு. ஆகவே அந்த விமானிகள் அளவுகோடு இட்ட குழாயில் சிறிது தண்ணீரும் மேலே பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கிப் பார்ப்பார்கள்; தண்ணீர்க் கோடு உயர்ந்திருந்தால் எத்தனால் கலந்திருக்கிறது, அந்தப் பெட்ரோல் வேண்டாம் என்று முடிவு செய்வார்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இடமிருக்கிறது, ஏனெனில் எத்தனால் கலவாத விமானப் பெட்ரோல் தனியே கிடைக்கிறது. இந்தியாவிலும் 2022 முதல் அது தயாராகிறது.

திருப்பூரின் பனியன் தொழிலாளிக்கு அந்த இடம் இல்லை. ஊத்துக்குளியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் ஷிப்டுக்கு வருவோரில் கணிசமானோர் ஏறிவருவது, 2020 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்புரேட்டர் மொபெட்டிலும் பழைய பைக்கிலும். இ20-க்கு ஏற்ற பாகங்கள் கொண்ட வண்டிகள் 2023 ஏப்ரல் முதலே முறையாக வரத் தொடங்கின என்னும்போது, அதற்கு முந்தைய வண்டிக்கு எதை ஊற்றுவது என்ற கேள்விக்குப் பங்க்கில் பதில் இல்லை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு ஏற்ற கூலியில் வேலை செய்யும் ஓவர்லாக் டெய்லர் காலையில் வண்டி கிளம்பாமல் மெக்கானிக் கடையில் அரை நாள் நின்றால், அந்த அரை நாளுக்குக் கூலி இல்லை. ரப்பர் குழாய்க்கும் கார்புரேட்டர் துப்புரவுக்கும் அவரே பணம் தர வேண்டும். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில் ஆற்றல் குறைந்ததற்காக விலை ஒரு காசும் குறைக்கப்படவில்லை. எத்தனாலின் கொள்முதல் விலை இப்போது பெட்ரோலைவிட அதிகம் என்று 2025 ஆகஸ்டில் தரப்பட்ட விளக்கம், அந்தச் சுமையைத் தொழிலாளி ஏன் சுமக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்ததால் சட்ட வாதம் முடிந்திருக்கலாம். மொபெட்டின் கார்புரேட்டர் மாறிவிடவில்லை.

முடிவை முதலில் அறிவித்து, பாதிப்பைப் பிறகு பார்ப்பது டெல்லியில் முடிவெடுப்போருக்குப் பழகிய வழி. 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி விதித்தார்கள். பஞ்சு கேண்டி, அதாவது 356 கிலோ, லட்ச ரூபாயைத் தொட்டது. நூல் விலை தாங்காமல் 2022 மே மாதம் திருப்பூர் கதவடைத்தது. வரியை அவ்வாண்டு ஏப்ரலில் தற்காலிகமாக நீக்கி, அக்டோபரோடு மீண்டும் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் 50 சதவீத வரி ஆர்டர்களின் கழுத்தைப் பிடித்த 2025 ஆகஸ்டில் மறுபடி நீக்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஊர் முன்கூட்டியே எச்சரித்தது, ஒவ்வொரு முறையும் தாமதமாகவே கேட்டார்கள். 2016 நவம்பரில் சனிக்கிழமைச் சம்பளத்தை ரொக்கமாக வாங்கும் ஊரில் ஒரே இரவில் ரொக்கத்தைச் செல்லாததாக்கியவர்களும் இவர்களின் வரிசையில் வருபவர்களே. தாவர எரிபொருளிலேயே ஒரு பழைய பாடம் உண்டு: தரிசில் காட்டாமணக்கு நட்டால் டீசல் விளையும் என்று கூறி, 2017-க்குள் இருபது சதவீதக் கலப்பு என்று 2009-இல் கொள்கை வகுத்தார்கள், நம்பி நட்ட கொங்கு விவசாயிகள் பலர் விளைச்சல் காணாமல் செடியைப் பிடுங்கினார்கள். இப்போது மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போகப் போக, அதே தானியத்தை நம்பியிருக்கும் பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைகளின் தீவனச் செலவு ஏறுகிறது. அதையும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

கரும்பு விவசாயிக்கு வருமானமும் கச்சா எண்ணெய் இறக்குமதியில் மிச்சமும் வேண்டியவையே. அவற்றுக்காகப் பழைய வண்டிக்காரரிடம் கேட்காமலே எடுத்துக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல. 27 சதவீதக் கலப்பைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்ட இந்நேரத்தில், 2021-ஆம் ஆண்டு அறிக்கை கேட்ட இ10 பெட்ரோலும் விலைக் குறைப்பும் பங்க்குக்கு வந்துசேர உரியவர்கள் விரைந்து வழி காண வேண்டும். அதுவரை கலப்பு விகிதம் ஒரு புள்ளியும் ஏறக் கூடாது.