பம்பரா, நம்பரா?

எங்கள் எடப்பாடியில் இரண்டு விஷயங்களுக்கு யாரும் யாரிடமும் யோசனை கேட்க மாட்டார்கள். ஒன்று நூல் விலை. இன்னொன்று வண்டி. இரண்டிலும் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்! இந்தப் பக்கம் சங்ககிரி, அந்தப் பக்கம் திருச்செங்கோடு, கொஞ்சம் தள்ளி நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுகிறவர், போர்வெல் ரிக் ஓட்டுகிறவர், டயருக்கு பட்டன் போடுகிறவர் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கும் ஊரில் வாகன ஞானத்துக்குப் பஞ்சமா என்ன?

அதனால்தான், என் சித்தி பையன் தன் புது 'தார்' ஜீப்பின் முன்னால் வின்ச் மாட்டப் போவதாகச் சொன்னதும், கேட்காமலே பதினோரு யோசனைகள் வந்து விழுந்தன. பன்னிரண்டாவது இந்தக் கட்டுரை. நான் பி.காம். எதையும் வரவு - பற்று எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வின்ச் என்பது ஒன்றும் புது மாயம் இல்லை. மோட்டார் வைத்த உருளை, அதில் சுற்றிய கயிறு, நுனியில் கொக்கி. வண்டி சேற்றில் மாட்டினால் கொக்கியை எதிரே ஒரு மரத்தில் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டு ஸ்விட்சை அமுக்க வேண்டும். வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். எங்கள் தாத்தா காலத்தில் இதற்குப் பெயர் 'கவலை'. சரிவில் மாடு இறங்க, கப்பியில் கயிறு ஓட, கிணற்றுத் தண்ணீர் மேலே வரும். மாடு போய் மோட்டார் வந்தது. மற்ற கவலைகள் எல்லாம் கடனில் வண்டி வாங்கிய பிறகு வந்தவை.

முதலில் சைஸ் விவகாரம்.

"ஏனுங்ணா, பன்னெண்டாயிரம் பவுண்டு இருக்குதாமா. பெருசாவே போட்டுரலாங்களா?" என்றான் தம்பி.

பவுண்டு என்றதும் வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பவுன் இல்லை தாயே, பவுண்டு! வின்ச்சை உலகம் முழுக்க அந்தக் கணக்கில்தான் விற்கிறார்கள். 12,000 பவுண்டு என்றால் சுமார் 5,440 கிலோ இழுக்கும். 9,500 பவுண்டு என்றால் 4,300 கிலோ.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆள், சாமான், டீசல் எல்லாம் சேர்த்து வண்டி என்ன எடையோ, அதில் ஒன்றரை மடங்கு. தார் நிறைய ஏற்றினால் இரண்டேகால் டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு மூன்றரை டன்னுக்குள் அடங்கிவிடும். 8,000 பவுண்டே போதும், 9,500 தாராளம். மாருதி ஜிம்னியின் மொத்த எடையே 1,545 கிலோ. அதற்கு 6,000 பவுண்டு எதேஷ்டம். அதற்கு மேல் வாங்குவது, நாற்பது இன்ச் இடுப்புக்காரர் ஐம்பது இன்ச் பேண்ட் வாங்குகிற மாதிரி. வின்ச்சும் கனத்த பம்பரும் சேர்ந்து முன்பக்கம் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி வண்டி கும்பிடு போட்டபடியே ஓடும்.

அடுத்து, அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த எண். அது உருளையில் கடைசிச் சுற்று கயிறு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைக்கிற பலம். கயிறு அடுக்கடுக்காக ஏற ஏற பலம் குறையும். தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பாவு பீமில் நூல் நிறைய இருக்கும்போது பீம் குண்டாக இருக்கிறது, ஓட ஓட இளைக்கிறது அல்லவா? வின்ச் உருளையும் அப்படித்தான். குண்டாக இருக்கும்போது வேகமாக இழுக்கும், ஆனால் பலம் கம்மி. நாலாவது அடுக்கில் சுமார் நாற்பது சதவீதம் காணாமல் போய்விடும். பக்கத்து வேப்பமரத்தில் கட்டாமல் கொஞ்சம் தள்ளியிருக்கும் பனைமரத்தில் கட்டினால் அதே வின்ச்சுக்குக் கூடுதல் பலம் வருவது இதனால்தான். ஆனால் கயிறு முழுவதையும் உருவிவிடக் கூடாது. இரும்புக் கயிறு என்றால் ஐந்து சுற்றாவது உருளையில் இருக்க வேண்டும்.

இன்னும் பலம் வேண்டுமா? ஒரு கப்பி வாங்குங்கள். ஸ்நாட்ச் பிளாக் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதை மரத்தில் கட்டி, கயிற்றை அதில் ஓட்டி, கொக்கியைத் திரும்ப வண்டிக்கே கொண்டுவந்தால் இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பு, வேகம் பாதி. வின்ச் விலையில் ஒரு சின்னப் பகுதிதான் கப்பி விலை. வரவு - செலவில் இதைவிட நல்ல பேரம் நான் பார்த்ததில்லை.

கரண்டு கணக்கும் உண்டு. முக்கி முனகி இழுக்கும்போது வின்ச் 400 ஆம்பியர் வரை உறிஞ்சும். 12 வோல்ட்டால் பெருக்கினால் 4,800 வாட். தறிக்கு ஒரு ஹெச்.பி. மோட்டார் என்று பார்த்தால், பம்பரில் ஆறு தறி ஓடுகிறது! பாவம், ஒரே ஒரு பேட்டரி. ஆகவே இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டு விட்டு இழுக்க வேண்டும், மோட்டார் சுட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். வயர் கனமாக இருக்க வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச்சும் கட்டாயம்.

சரி, இரும்புக் கயிறா, செயற்கை நார்க் கயிறா?

இந்தக் கேள்வியை நான் கேட்டது வின்ச் கடையில் இல்லை. கிணறு வெட்டும் கிரேன் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம். நம் மாவட்டங்களில் வறட்சியான வருஷங்களில் கிணற்றை இன்னும் ஆழப்படுத்த இந்த கிரேன்கள் வரும். அதுவும் வின்ச்தான். கல்லும் மண்ணும் அதில்தான் மேலே வரும். மனுஷர்களும் அதே கயிற்றில்தான் இறங்குவார்கள். அதனால் பெரியவருக்குக் கயிறு என்பது பொழுதுபோக்கு அல்ல.

தினமும் காலையில் வேஸ்ட் துணியை எடுத்துக் கயிற்றின் மேல் சுற்றிப் பிடித்து மெதுவாக ஓடவிடுவாராம். எங்கேயாவது துணி மாட்டினால் அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். "ஒரு இழைதானேன்னு உட்டா, அடுத்தது ஆளுங்க தம்பி" என்றார். அதற்குப் பிறகு நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

இரும்புக் கயிறு கல், மண், வெயில் எல்லாம் தாங்கும். விலையும் குறைவு. ஆனால் முழு இழுப்பில் அறுந்தால், நீட்டிவிட்ட ரப்பர் பேண்ட் போல அத்தனை சக்தியோடும் திரும்பி வரும். எதிரே காலோ கழுத்தோ இருந்தால் அதற்குத் தெரியாது. நார்க் கயிறு இலேசானது. அறுந்தாலும் இரும்பு அளவுக்குச் சாட்டையடி அடிக்காது. ஆனால் வெயில், சூடு, கல் உரசல் இதற்கு ஆகாது. எடப்பாடி வெயிலில் உறை போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும். குடும்பஸ்தர்களுக்கு என் சிபாரிசு நார்க் கயிறு. எந்தக் கயிறானாலும் கையில் உறை, கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கு, கயிற்றின் நீளத்துக்கு அப்பால் வேடிக்கை பார்ப்பவர்கள். விறைத்து நிற்கும் கயிற்றைத் தாண்டிப் போய் செல்ஃபி எடுக்கிறவர் மைத்துனராகவே இருந்தாலும் விரட்டிவிடுங்கள்.

இனி பம்பர். வின்ச் நாலு டன் இழுக்கிறது என்றால், அது உட்கார்ந்திருக்கும் இடமும் நாலு டன் தாங்க வேண்டும். கம்பெனியிலிருந்து வரும் பிளாஸ்டிக் பம்பர் ஒரு அலங்காரம். அதில் மாட்டினால் வண்டி சேற்றிலேயே இருக்கும், பம்பர் மட்டும் மரத்துக்குப் போய்ச் சேரும்! கனமான பிளேட்டை நேராக சேஸியில் போல்ட் போட்டு, அந்த பிளேட்டில்தான் வின்ச்சை வைக்க வேண்டும். பெரும்பாலான வின்ச்களின் அடியில் நாலு போல்ட் ஓட்டைகள், 10 இன்ச்சுக்கு நாலரை இன்ச் அளவில் இருக்கும். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பட்டறைக்காரர் "நாலு பக்கமும் வெல்டிங் வெச்சுப் போடலாமுங்க" என்பார். அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு தயக்கம் என்றால், சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி செய்து தந்ததை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டிக்கு முன்னால் கம்பி கட்டுகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதமே எழுதியது. 2019 சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காரணமும் நியாயமானதுதான். மோதும்போது வண்டியின் மூக்கு நசுங்கினால்தான் உள்ளே இருப்பவர் பிழைப்பார். இரும்பு பம்பர் நசுங்காது. ஏர்பேக் சென்சாரும் குழம்பலாம். எதிரே சைக்கிளில் வருகிற பையனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே கடைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள், இன்ஸூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் மாற்றினால் க்ளெய்ம் சமயத்தில் அவர் உங்களைச் சேற்றில் விடலாம். அங்கே எந்த வின்ச்சும் இழுக்காது.

கடைசியாக ஐந்தொகை. வின்ச், கயிறு, கப்பி, பம்பர், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்று வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை மாட்டினால் பத்து வருஷத்தில் இருபது மீட்பு. ஒரு மீட்புக்கு 5,000 ரூபாய். மாதத் தவணை தனி!

தனியாகக் காட்டுப் பாதையில் போகிறவர்கள், மலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள், கோவாவில் 2014 முதல் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரி போட்டிக்குப் போகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். அவர்களுக்கு அது ஆயுள் இன்ஸூரன்ஸ்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூலாம்பட்டி ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் போய் பஜ்ஜி சாப்பிடுகிற நம் போன்றவர்களுக்கு? எங்கள் பக்கத்தில் எந்தச் சேற்றில் சிக்கினாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு டிராக்டர் நிச்சயம். டீசலுக்குக் காசும், ஒரு டீயும், "என்ன தம்பி, இந்த ஜீப்பு எத்தனை லட்சம்?" என்ற கேள்விக்குக் கூசாமல் பதிலும் கொடுத்தால் போதும். ஒரு நல்ல இழுவைக் கயிறு வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பம்பரில் ஒன்றும் வேண்டாம்.

டிராக்டர்காரர் நம்பர் மட்டும் ஃபோனில் இருக்கட்டும்!